குறிப்பு என்னும் கட்டம்

எங்கள் கல்லூரியில் அந்தப் பாடத்துக்கு ‘வணிகத்தில் தகவல் தொழில்நுட்பம்’ என்று பெயர். அதில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியது நான்தான். அந்த மதிப்பெண்ணுக்காக, அம்மாவுக்கு இருந்த ஒரே தோழியை அம்மாவிடமிருந்து பிடுங்கிவிட்டேன். வேண்டுமென்றே செய்யவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவாவது ஒரு வழி இருந்திருக்கும் என்று சில நாட்களில் தோன்றும்.

அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். கடற்கரைச் சாலையில் கடை, பின்னால் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் வீடு. அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். நான் தி.நகரில் ஒரு கல்லூரியில், காலை வகுப்பில், பி.பி.ஏ. படித்தேன். இரண்டரை வருடம் அம்மா என்ன செய்கிறாள் என்று அங்கே ஒருத்தரிடமும் சொன்னதில்லை. கேட்டால் ‘சொந்தமா பிசினஸ்’ என்பேன். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் துப்பட்டாவை இரண்டு முறை முகர்ந்து பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பினால்கூட எழுந்து போய் நின்றுகொள்வேன்.

கடைசிப் பருவத்தில் அந்தப் பாடத்தை நடத்தியவர் இளவயதுக்காரர். பழைய மகாபலிபுரம் சாலையில் கணினிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், நல்ல மனிதர். ஆளுக்கொரு சின்ன வியாபாரத்தை எடுத்துக்கொண்டு, அதன் தகவல்களைத் திரட்டிக் கணினியில் ஏற்றி, அதைக் கொண்டு வியாபாரத்தை மேம்படுத்திக் காட்ட வேண்டும் என்றார். அதுதான் புராஜெக்ட். பாதி மதிப்பெண் அதற்குத்தான்.

“ஒரு வியாபாரத்தோட தகவல் எல்லாம் ஒரே ஒருத்தர் தலைக்குள்ள இருந்தா அது ஆபத்து. அவங்க நாளைக்குப் படுத்துட்டா அந்த வியாபாரமும் படுத்துடும்” என்றார் ஒரு நாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்ன அந்த ஒருத்தர் அப்படியே என் அம்மா. அந்த வருடம்தான் அவளுக்குச் சர்க்கரை கண்டுபிடித்திருந்தார்கள். அவள் எதையும் எழுதி வைப்பதில்லை. லஸ் பக்கம் ஒரு வீட்டில் ஐயா ஊரில் இருந்தால் வஞ்சிரம், இல்லாவிட்டால் நெத்திலி. அடையாறில் ஒரு அம்மாவுக்கு இறாலை நரம்பெடுத்துக் கொடுக்க வேண்டும், தலையைத் தனியாகக் கட்ட வேண்டும். சாந்தோமில் ஒரு வீட்டுக்காரர்கள் தவக்காலத்து வெள்ளியன்று மீன்தான் கேட்பார்கள்; மந்தைவெளியில் வெள்ளிக்கிழமை போன் அடித்தாலே கோபித்துக்கொள்வார்கள். புரட்டாசியில் யார் நிறுத்துவார்கள், யார் நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு இரண்டாவது வாரமே வந்து நிற்பார்கள் என்பது வரை அவளுக்குத் தெரியும். இவ்வளவும் அவள் தலைக்குள். அவள் படுத்துவிட்டால்?

மறுநாள் எழுந்து நின்று, “சார், நான் எங்க அம்மாவோட மீன் கடையைப் பண்றேன்” என்றேன். வகுப்பு திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்கள் மலர்ந்துவிட்டன. “இதைவிட நல்ல வியாபாரம் கிடைக்காது” என்றார். இரண்டரை வருட வெட்கம் ஒரு நிமிடத்தில் பெருமையாக மாறிவிட்டது. அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இப்போது டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மீன் இல்லாமல் சோறு இறங்காத குடும்பத்தில் பிறந்தவர். கூடப் படித்தவரைக் காதலித்து, மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், பூண்டுகூடச் சேர்க்காத வீட்டுக்கு மருமகளாக வந்தார். மாமியார் அவரை மகளைப் போலத்தான் நடத்தினார். டீச்சரே சொல்வார். மீனை விட்டுவிடுகிறேன் என்று கல்யாணத்தின்போது அவராகவே வாக்குக் கொடுத்திருந்தார், யாரும் கேட்காமலேயே.

ஒரு நாள் பள்ளி விட்டு நடந்து வந்தவர், அம்மா கடை முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறார். வாங்கவும் இல்லை, போகவும் இல்லை. “வாங்காட்டி இன்னா, வா வந்து குந்து” என்று அம்மா முக்காலியைத் தள்ளிப் போட்டிருக்கிறாள். அப்படி ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடமாகப் புதன்கிழமை தோறும் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் வீட்டில் அது ஸ்பெஷல் கிளாஸ். வந்ததும் புடவையை அவிழ்த்து மடித்து உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார், எண்ணெய்ப் புகை ஒட்டாமல் இருக்க. அம்மாவின் பூப்போட்ட நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்காருவார். அம்மா சங்கரா மீனை வறுத்துப் போடப் போட, முள்ளை ஒன்றொன்றாக எடுத்துத் தட்டோரம் அடுக்குவார். ஒரு முறை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமியாரின் போன் வந்தது. இடது கையால் எடுத்து, “ஸ்கூல்லதான்மா இருக்கேன். ஆத்துக்கு வரச்சே கருவேப்பிலை வாங்கிண்டு வந்துடறேன்” என்றார். போனை வைத்துவிட்டு, “அக்கா, இன்னொரு துண்டு போடுங்க” என்றார். அம்மா சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

கிளம்பும் முன் எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக் கழுவுவார். வாயில் ஒரு கிராம்பு. பிறகு புடவை. கீழே இறங்கும்போது பழையபடி மயிலாப்பூர் மாமியாகிவிடுவார். அம்மாவுக்கு உறவென்று வந்து போகிறவர்கள் யாரும் இல்லை. கடைப் பக்கத்துப் பெண்களோடு பேச்சு உண்டு, சண்டை உண்டு, அவ்வளவுதான். மனசு விட்டுப் பேசுவது டீச்சரிடம் மட்டும். எனக்குத் தெரியாத எத்தனையோ விஷயம் டீச்சருக்குத் தெரியும்.

புராஜெக்டுக்காக அம்மாவை உட்கார வைத்து ஒவ்வொரு வீடாகக் கேட்டு, லேப்டாப்பில் ஏற்றினேன். அட்டவணையில் ஆறு கட்டங்கள்: பெயர், போன் நம்பர், இடம், வாங்கும் நாள், விருப்ப மீன், குறிப்பு. குறிப்பு என்பது என் சொந்த யோசனை. ‘தலை வேண்டாம்’, ‘சின்னத் துண்டு’, ‘காலிங் பெல் அடிக்காதே, குழந்தை தூங்கும்’ என்றெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல அதில் எழுதினேன். நாலு சாயங்காலம் ஆயிற்று. அவ்வளவும் எப்படி அவள் மண்டைக்குள் இருந்தது என்று பிரமித்துப் போனேன்.

முடிந்ததும், “டீச்சர் விட்டுப்போச்சும்மா” என்றேன்.

“டீச்சர எழுதாத.”

“ஏன்?”

“அது இன்னா யாவாரமா? அவங்க வூட்டுக்குத் தெரியாது. சொல்லக் கூடாது. எழுதாத, வுடு.”

நான் தலையாட்டினேன். அம்மா தண்ணீர் பிடிக்கக் கீழே போனதும் எழுதினேன். ஏனென்றால், பன்னிரண்டு வருடம் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவர் அவர் ஒருவர்தான். தொடர்ந்து வரும் வாடிக்கையாளரைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்பது பாடம். ஒரு வரி விடுபட்டாலும் மொத்தத் தரவும் தவறு என்பதும் பாடம். நான் நல்ல மாணவி. டீச்சர், புதன், சங்கரா வறுவல் என்று நிரப்பிக்கொண்டே வந்து, கடைசிக் கட்டத்தில், மறந்துவிடக் கூடாதே என்ற பொறுப்போடு, ‘வீட்டில் சொல்லக் கூடாது’ என்று எழுதினேன்.

அடுத்தது, அட்டவணையிலிருந்து தானாகவே மெசேஜ் போக வேண்டும். அதற்கு இலவசச் சேவை ஒன்று இருந்தது. அட்டவணையை அதில் ஏற்றி, ஒரே ஒரு மாதிரிக் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். அதுவே ஒவ்வொருவர் பெயரையும் மீனையும் அந்தந்த இடத்தில் பொருத்தி, அவரவர் நாளில், காலையில், அம்மாவின் நம்பரிலிருந்து அனுப்பிவிடும். ‘வாடிக்கையாளருக்கு நாம் அவரை நினைவில் வைத்திருக்கிறோம் என்று தெரிய வேண்டும்’ என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் கடைசி வரியில் குறிப்பையும் சேர்த்தேன். ‘உங்கள் விருப்பம் எங்களுக்கு நினைவிருக்கிறது: தலை வேண்டாம்.’ படித்துப் பார்க்க எனக்கே அவ்வளவு அழகாக இருந்தது. நாலைந்து பேருடையதைத் திறந்து சரிபார்த்தேன். எல்லோருடையதையும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் நானே பார்ப்பதென்றால் அப்புறம் கணினி எதற்கு என்று நினைத்திருப்பேன் போல.

திங்கட்கிழமை தொடங்கி வைத்தேன். அன்றே பதில்கள் வந்தன. கைகூப்பும் படம், சிரிக்கும் படம். அடையாறு அம்மா, ‘என் நரம்பெடுத்த இறாலை மறக்கவே மாட்டியா’ என்று எழுதியிருந்தார். அதை வாசித்துக் காட்டியபோது அம்மா முகம் பூரித்துப் போயிற்று. “பரவால்லியே, படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்” என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள்.

புதன்கிழமை மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். நைட்டி கொடியில் தயாராகத் தொங்கியது. டீச்சர் வருகிற நேரத்துக்கு முதல் துண்டை எண்ணெயில் போட்டாள். அப்போது போன் அடித்தது. கை முழுக்க மசாலா என்பதால் என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

“அக்கா, நான் இன்னைக்கு வரல.”

“இன்னா டீச்சர், ஒடம்பு சொகமில்லையா? மீன் எண்ணெயில கீதே.”

 போனில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடும் சத்தம் கேட்டது.

“காலைல மெசேஜ் அனுப்பியிருந்தீங்கக்கா.”

“ஆமா. அல்லாருக்கும் அனுப்புனோம்...” என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்தாள். 

“போன் அப்ப அத்தை கையில இருந்துச்சு. தினமும் காலைல என் போன்லதான் சுலோகம் கேப்பாங்க. மெசேஜ் அது மேல வந்து நின்னுச்சு. ஏதோ ஸ்கூல் விஷயம்னு நினைச்சு எனக்காகச் சத்தமா படிச்சாங்க. சங்கரா மீன் வறுவல்னு. கடைசியில, வீட்டில் சொல்லக் கூடாதுன்னு.”

அம்மா அடுப்பை அணைக்கவில்லை. மீன் பொரிகிற சத்தத்துக்கு மேல் டீச்சரின் குரல் வந்துகொண்டிருந்தது.

“மீன் தின்னதுக்கு ஒண்ணும் சொல்லலக்கா. பன்னெண்டு வருஷமா ஸ்பெஷல் கிளாஸ், ஸ்பெஷல் கிளாஸ்னு போனியேம்மா, நான் புதன்கிழமைன்னா உனக்குன்னு காபி டிகாக்‌ஷன் எடுத்து வைப்பேனேன்னு சொன்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“அவருக்கு மொதல்லேருந்தே தெரியும். தெரியாத மாதிரி நின்னாரு.” டீச்சர் மூக்கை உறிஞ்சினார். “ஏன்க்கா எழுதி வச்சீங்க? நீங்க எழுதுற ஆளே இல்லையே?”

நான் வாயைத் திறந்தேன். அம்மா மசாலாக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டித் தடுத்தாள்.

“தப்பு என்னுதுதான் டீச்சர். புத்திகெட்டுப் போயி எழுதிட்டேன்.”

“சரிக்கா” என்றார் டீச்சர். வைத்துவிட்டார்.

அம்மா அடுப்பை அணைத்தாள். மீன் ஒரு பக்கம் கறுத்திருந்தது. “எழுதாதன்னு சொன்னேன் இல்ல?” என்று கேட்டாள். திட்டவில்லை, கத்தவில்லை. கடையில் ஒரு வார்த்தை அதிகம் பேசுகிறவனைக் கிழித்துத் தொங்கவிடுகிற வாய் அது. என்னை நாலு சாத்து சாத்தியிருந்தால் தேவலை. மீனைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள். நான் அதைத் தின்றேன். 

அன்றைக்கே அட்டவணையைத் திறந்து டீச்சரின் வரியை அழித்து, மறுபடி ஏற்றினேன். மெசேஜ் அனுப்புவதை நிறுத்தலாம் என்றால் இரண்டு வாரத்தில் வாய்மொழித் தேர்வு. ஓடுகிற நிலையில் காட்ட வேண்டும். நிறுத்தவில்லை. இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அடையாறு அம்மாவின் பதிலைத் திரையில் பார்த்துச் சிரித்தார். குறிப்பு என்ற கட்டம் யாருடைய யோசனை என்று கேட்டார். என்னுடையது என்றேன். “இதுதான் ஹியூமன் டச்” என்றார் எங்கள் ஆசிரியரிடம். பிறகு, வழக்கமாகக் கேட்கிற கேள்வி போல, “கஸ்டமர் யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?” என்றார்.

“இல்லை சார்” என்றேன்.

நினைத்துப் பார்த்தால் அது பொய்கூட இல்லை. டீச்சர் புகார் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் எழுதினீர்கள் என்று மட்டும்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என் அறிக்கையில் பக்கம் பக்கமாகப் பதில் இருந்தது, தரவின் முழுமை, வாடிக்கையாளர் உறவு என்று. அதில் ஒன்றைக்கூட அந்தம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு மாதம் கழித்து, நந்தனம் தாண்டி பஸ் நின்றுகொண்டிருந்தபோது, அந்தச் சேவையிலிருந்து எனக்கு ஓர் அறிக்கை வந்தது. பட்டியலிலிருந்து ஒரு பெயர் காணாமல் போனால், அவர் வராமல் நின்றுபோனதாக எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து அதுவே நினைவூட்டும் ஒரு வசதி அதில் இருந்திருக்கிறது. நான் அழித்தது அட்டவணையில் இருந்த வரியை மட்டும். முதல் நாளே அது தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டதை நான் யோசிக்கவே இல்லை. ‘வணக்கம் டீச்சர்! உங்களைப் பார்த்து ஒரு மாதம் ஆகிவிட்டது. உங்கள் சங்கரா காத்திருக்கிறது’ என்று அன்று காலை அனுப்பியிருக்கிறது. பக்கத்தில் சிவப்பில் ‘சென்று சேரவில்லை’ என்று இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த நிமிடம்தான் உறைத்தது. டீச்சர் அம்மாவின் நம்பரையே தடுத்து வைத்திருக்கிறார்.

அந்தச் சேவையை அன்றே அடியோடு ரத்து செய்தேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. போனை என்னிடம் நீட்டி, “டீச்சருக்கு அடிச்சா லைனே போவ மாட்டேங்குது. நீ ஏதோ நோண்டுனியே, அதுலேந்துதான். சரி பண்ணிக் குடு” என்றாள்.

போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “நெட்வொர்க் சரியில்லம்மா, சரியாயிடும்” என்றேன். அவள் நம்பினாள். அதற்கப்புறமும் ஆறேழு புதன்கிழமை சங்கரா எடுத்து வைத்தாள். போன் கெட்டதால்தான் டீச்சருக்குச் சேதி போகவில்லை, இல்லாவிட்டால் வந்துவிடுவார் என்பது அவள் கணக்கு. பிறகு ஒரு புதன் எடுத்து வைக்கவில்லை. நைட்டியை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். யார் சொல்லிப் புரிந்துகொண்டாளோ தெரியாது. ஒருவேளை குளத்தங்கரைப் பக்கம் போய்ப் பார்த்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இப்போது கொட்டிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கடைகளுக்கு வாடிக்கையாளர் பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் வேலை. புராஜெக்டைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். பட்டியலில் குறிப்பு என்ற கட்டம் வரும்போதெல்லாம் கை கொஞ்சம் நிற்கும், பிறகு நிரப்பும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா கத்தியும் பலகையும் கழுவிக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு வாய் ஓயாது. எந்த வீட்டில் பெண்ணுக்கு வரன் வந்தது, எந்த வீட்டுக் கிழவர் டாக்டருக்குத் தெரியாமல் கருவாடு கேட்டார், யார் மருமகள் யாரோடு பேசுவதில்லை என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். இப்போது சாப்பிட்டாயா என்கிறாள், மழை வரும் போலிருக்கிறது என்கிறாள். யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை வருவதில்லை. போன வாரம் ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “இன்னைக்குக் கடைக்கு யாரெல்லாம்மா வந்தாங்க?” என்று கேட்டேன்.

அம்மா என் கையைப் பார்த்தாள். கையில் போன்கூட இல்லை. பலகையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

“கஸ்டமருங்க” என்றாள்.